அம்மாவின் அறிக்கையும் அமெரிக்கக் கணக்கும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. இடது மார்பிலிருந்த கட்டியில் ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாகியுள்ளது. ஈஸ்ட்ரஜன் ஏற்பி நெகட்டிவ், புரொஜெஸ்தரோன் ஏற்பி நெகட்டிவ் என்றும், ஹெர் 2 என்பதற்கு எதிரே 2+ என்றும் அறிக்கையில் உள்ளது. இது ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ வகை, வெள்ளையரை விடக் கறுப்பினத்தவருக்கும் நம்மவர்களுக்கும்தான் கூடுதலாக வரும், பிழைப்பது கடினம் என்கிறார் கனடாவிலுள்ள சித்தி. இனத்தைப் பொறுத்து இப்படி மாறுமா? இரத்தத்தில் சீஏ 15-3 பார்க்க வேண்டுமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அம்மாவின் நோயை ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஏற்பி என்பது கட்டியின் கலங்களில் ஹோர்மோன் வந்து பற்றும் புரதம்; அந்த இரண்டு ஏற்பிகளும் ஹெர் 2 புரதமும் ஆக மூன்றும் நெகட்டிவ் ஆனால்தான் அந்தப் பெயர். ஹெர் 2 புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும்போது 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பொசிட்டிவ். 2+ என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஐயம். ‘ஃபிஷ்’ போன்ற மரபணுப் பரிசோதனைதான் அதைத் தீர்க்கும். அது பொசிட்டிவ் என்று வந்தால், ஹெர் 2 புரதத்தையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்து அம்மாவுக்கு உதவக்கூடும். சிகிச்சைத் திட்டமே மாறிவிடும். ஆகவே சித்தியின் கவலைக்கு முன்னால் இந்தப் பரிசோதனை நிற்கிறது.

சித்தி படித்ததில் உண்மை உண்டு, ஆனால் அது அமெரிக்கக் கணக்கு. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களை விடச் சற்றுக் குறைவாகவே வருகிறது; இறப்பு வீதமோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையும் அவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. 2006 இல் வெளியான கரோலைனா ஆய்வில், அதனோடு பெருமளவு ஒத்துப்போகும் ‘பேசல்’ வகைக் கட்டி, மாதவிடாய் நிற்காத ஆபிரிக்க அமெரிக்கப் பெண்களில் 39 சதவீதமாகவும் ஆபிரிக்க அமெரிக்கர் அல்லாத பெண்களில் 16 சதவீதமாகவும் இருந்தது.

கட்டியின் வகை மட்டுமே காரணமென்றால், ஒரே வகைக் கட்டியுள்ள இரு இனத்துப் பெண்களும் ஒரே அளவு காலம் வாழ வேண்டும். அப்படி நடக்கவில்லை, ஹோர்மோன் ஏற்பி பொசிட்டிவ் ஆன, மருந்துக்கு நன்கு இணங்கும் கட்டிகளிலும் அந்த இடைவெளி இருக்கிறது. தாமதமாகக் கண்டறிதல், காப்புறுதி இன்மை, 5 ஆண்டுகள் விடாமல் விழுங்க வேண்டிய தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் தடுப்பு மாத்திரையை இடையில் நிறுத்த நேர்தல் ஆகியவை அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஒரே சிகிச்சை கொடுக்கப்பட்ட மருத்துவச் சோதனைகளிலும் வேறுபாடு முற்றாக மறையவில்லை என்பதால், உயிரியல் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எப்படியாயினும், அந்தக் கணக்கில் கறுப்பினப் பெண்களின் இடத்தில் தமிழ்ப் பெண்களைத் தூக்கி வைப்பதற்கு ஆதாரமில்லை.

இன்னொன்று. ஏற்பி ‘நெகட்டிவ்’ என்று அறிக்கையில் வருவது எப்போதும் கட்டியின் குணமாகவே இருப்பதில்லை. வெட்டியெடுத்த சதை ஒரு மணித்தியாலத்துக்குள், சதை கெடாமல் காக்கும் ஃபோமலின் திரவத்தில் இடப்பட்டு, 6 முதல் 72 மணித்தியாலம் வரை அதில் ஊற வேண்டும். தாமதித்தால் ஏற்பிகள் சிதைந்து, பொசிட்டிவ் கட்டியும் நெகட்டிவ் போலத் தோன்றக்கூடும். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் போத்தலை வாங்கிக்கொண்டு, காலி வீதி நெரிசலில் முச்சக்கர வண்டியில் ஆய்வுகூடம் தேடிப் போகும் மகன்மாரை நான் கண்டிருக்கிறேன். போத்தலில் ஃபோமலின் போதிய அளவு இருக்கிறதா என்று கேட்டு வாங்கியவர்கள் மிகச் சிலரே. ஆசிய நாடுகளில் ஏற்பி நெகட்டிவ் கட்டிகள் அதிகம் என்று வரும் கணக்குகளை, இதையும், நோயாளிகள் சராசரியாக இளவயதினராக இருப்பதையும் மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

சீஏ 15-3 வேறு விடயம். அது இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புற்றுநோய்க் குறிகாட்டி. ஆரம்ப நிலை நோயில் பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும், புற்றுநோய் அல்லாத ஈரல் நோயிலும் உயரும். பரவிய நோயில் சிகிச்சையின் போக்கை அறியவே அது பயன்படும் என்பதால், வைத்தியர் கேட்காமல் பணம் கட்டிச் செய்ய வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையின் மூலப்பிரதியைக் கொண்டுபோய், ஃபிஷ் பரிசோதனைக்கு எழுதியாயிற்றா என்று கேளுங்கள். முதலில் எடுத்த சதை ஆய்வுகூடத்தில் மெழுகுக் கட்டியாகப் பத்திரமாக இருக்கும். அதில் போதிய சதை இருந்தால் அதிலிருந்தே சீவிச் செய்துவிடுவார்கள், அம்மாவுக்கு இன்னொரு முறை ஊசி குத்தத் தேவையில்லை.