எஞ்சினைத் திறந்துவிடாதீர்கள்

கேள்வி: என் சிறிய படகுக்கு 2 சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் மாட்டுவது, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும்) புதிதாக வாங்கி 8 மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தேன். பெட்ரோலில் ஆயில் சரியாகக் கலக்கவில்லை, வாரண்டி கிடையாது என்கிறார் டீலர். நான் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று 50:1 அளந்துதான் கலந்தேன். மூன்று முறை அலையவைத்து, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். வார இறுதியில் மட்டும் படகைச் சவாரிக்கு விடுகிறேன். என் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிஸ்டனை மாற்றிவிட்டு, பில்லோடு நுகர்வோர் வழக்குப் போடலாமா?

பதில்: அந்த வரிசையில் செய்தால் வழக்கு நிற்காது. அலையவிட்டதும் அவமானமும் வருத்தம்தான், ஆனால் அதை வைத்து ஜெயிக்க முடியாது. எஞ்சின் ஏன் இறுகியது? வழக்கே அந்த ஒரு கேள்விதான். அதற்கான சாட்சி எஞ்சினுக்கு உள்ளேயும் உங்கள் டேங்கிலும் இருக்கிறது.

இரண்டு சிலிண்டரும் குடித்தது ஒரே பெட்ரோல். ஆயில் இல்லாமல் போயிருந்தால் பொதுவாக இரண்டு பிஸ்டனிலும் கோடு விழுந்திருக்கும். ஒன்று மட்டும் உரசி, மற்றது பளிச்சென்று இருந்தால் டீலரின் வாதம் ஆட்டம் கண்டுவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) முறிந்து எஞ்சின் சூடாகியிருந்தால் கதையே வேறு. ஆனால் அப்போது, எஞ்சினிலிருந்து வெளியே பீய்ச்சும் தண்ணீர் நின்றதைப் பார்க்காமல் ஏன் ஓட்டினீர்கள் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள்.

உங்கள் மெக்கானிக் திறந்த நிமிடமே இதெல்லாம் போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் பழைய பிஸ்டனைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். "இது அந்த எஞ்சினில் இருந்ததுதான் என்று யார் சொல்வது?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. எங்களிடம் பதில் இல்லை. நல்ல வழக்கு, அந்த ஒரு கேள்வியில் முடிந்தது.

அதனால் எஞ்சின் அப்படியே இருக்கட்டும். சீரியல் எண் தெரியப் படம் எடுங்கள். டீலர், நீங்கள், இரு தரப்பும் ஏற்கும் ஒரு பொறியாளர் மூவரும் இருக்கும்போது திறக்க வேண்டும் என்று தேதி குறித்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். டேங்கில் மிச்சமுள்ள பெட்ரோலைக் கொட்டாதீர்கள். இருவர் கையெழுத்தோடு சீல் வைத்தால், அதில் எவ்வளவு ஆயில் இருந்தது என்று ஆய்வுக்கூடம் சொல்லும். அப்புறம் இன்னொன்று: பல டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு முதல் 10 மணி நேரம் 25:1 கலக்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அதைச் செய்தீர்களா? ஆயில் வாங்கிய பில்களைத் தேடி எடுங்கள்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய சவாரி விஷயம். வாடகை, தொழில் உபயோகத்துக்குப் பல கம்பெனிகள் வாரண்டி காலத்தைக் குறைத்தே தருகின்றன, சில தருவதே இல்லை. வாரண்டி புத்தகத்தில் அந்தப் பத்தியை இன்றே படியுங்கள். சவாரியை மறைத்து வழக்குப் போட்டால், படகில் ஏறிய ஒரு ஆள் சாட்சி சொன்னாலே போதும், நீங்கள் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பத்தி உங்களுக்கு எதிராக இருந்தால் சமரசமே நல்லது. பாகங்கள் இலவசம், கூலி உங்களுடையது என்று டீலர் இறங்கி வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் சமரசக் கடிதத்தில் "ஆயில் கலந்ததில் தவறு என்னுடையது" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதே எஞ்சின் அடுத்த மாதம் மறுபடி நின்றால், முதலில் எடுத்துக் காட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.