கரண்டு போனால் பட்டியல் எங்கே போகிறது?

கேள்வி (எஸ். வி., மோல்மேன்): ஐயா, ரங்கூனில் படிக்கும் மகன் எங்கள் கடை ரூட்டரில் ஓப்பன்வர்ட் என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். 16 எம்பி ஃப்ளாஷ் (நிரந்தர நினைவகம்), 128 எம்பி ராம் (தற்காலிக நினைவகம்). கரண்டு போய் வந்தால் சாஃப்ட்வேர் பக்கத்தில் 'அவெய்லபிள்' பட்டியல் காலியாகிவிடுகிறது. இடம் பற்றவில்லையே என்று தேவையில்லாததாகத் தெரிந்த சில பேக்கேஜ்களை (துணை மென்பொருள்களை) நீக்கினேன். இடம் கொஞ்சமும் கூடவில்லை. 'அப்டேட்ஸ்' பக்கத்தில் வேறு ஏகப்பட்ட பெயர்கள் நிற்கின்றன. எல்லாவற்றையும் அழுத்திவிடலாமா?

பதில்: அழுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பட்டியல் காலியாவது கோளாறு அல்ல. எந்தெந்த பேக்கேஜ் கிடைக்கும் என்ற அந்தப் பட்டியலை ரூட்டர் ராமில்தான் வைக்கிறது. சின்ன ஃப்ளாஷை வீணாக்க வேண்டாம் என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கரண்டு போனால் ராம் துடைக்கப்படும், பட்டியலும் போகும். 'அப்டேட் லிஸ்ட்ஸ்' பொத்தானை அழுத்தினால் திரும்பி வரும். நீங்கள் நிறுவியவை ஃப்ளாஷில் பத்திரமாக இருக்கின்றன. கரண்டு வந்த உடனே அழுத்தி, சான்றிதழ் பிழை என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான ரூட்டர்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. லைன் கிடைத்து, இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கும்வரை அது பழைய தேதியிலேயே நிற்கும், அதனால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததுபோல் தெரியும். டீ குடித்துவிட்டு வந்து அழுத்துங்கள்.

இடம் கூடாதது ஏன்? ரூட்டரின் ஃப்ளாஷ் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஃபர்ம்வேரோடு, அதாவது ரூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளோடு, வந்தவை எல்லாம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற இறுக்கிச் சுருக்கிய பகுதியில் இருக்கின்றன. அதைப் படிக்கலாம், எழுத முடியாது. நீங்கள் செய்கிற மாற்றமெல்லாம் அதற்கு மேலுள்ள ஓவர்லே பகுதியில்தான் விழும். அச்சடித்த காலண்டரில் ஒரு தேதியின் மேல் தாள் ஒட்டினால் தேதி மறையும், அழியாது. அப்படித்தான் இதுவும். ஃபர்ம்வேரோடு வந்த பேக்கேஜை நீக்கினால் 'இதைக் காட்டாதே' என்ற குறிப்பு மட்டும் மேலே சேரும். அதையே புதுப்பித்தாலோ பழையது கீழே, புதியது மேலே என்று இரண்டு பிரதி உட்கார்ந்துகொள்ளும். 16 எம்பியில் கெர்னல் என்ற மையப் பகுதியும் மற்ற ஃபர்ம்வேரும் போக மிஞ்சுவதே சொற்பம்.

ஆகவே, நீக்குவதாக இருந்தால் நீங்களோ மகனோ பிறகு நிறுவியதை மட்டும் நீக்குங்கள். எது யார் போட்டது என்று கண்டுபிடிக்க எஸ்எஸ்எச் வழியாக (கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அடித்து) ரூட்டருக்குள்ளே போய், ஓவர்லே, அப்பர், யூஎஸ்ஆர், லிப், ஓபிகேஜி, இன்ஃபோ என்று ஒவ்வொரு கோப்புறையாக இறங்குங்கள். அங்கே 'கண்ட்ரோல்' என்று முடிகிற கோப்புகளின் பெயர்தான் பெரும்பாலும் பிறகு சேர்ந்த பேக்கேஜ்கள். சாஃப்ட்வேர் பக்கத்தில் நீக்கும்போது, பயன்படாத துணை பேக்கேஜ்களையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதை டிக் செய்யுங்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பேக்கேஜ் போய்விடும், அதோடு வந்த லைப்ரரிகள் மட்டும் கிடந்து இடத்தை அடைக்கும். நீங்கள் கைவைத்து மாற்றிய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மட்டும் அது நீக்காமல் விட்டுவைக்கும்.

இப்போது 'அப்டேட்ஸ்' விஷயம். மேசைக் கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே அடியாகப் புதுப்பித்துப் பழக்கம். ரூட்டரில் அந்தப் பழக்கம் ஆகாது. ஓப்பன்வர்ட் செய்பவர்களே வேண்டாம் என்கிறார்கள். பாதியில் இடம் தீர்ந்தால் பழைய பேக்கேஜும் புது லைப்ரரியும் கலந்து நிற்கும், ரூட்டர் எழுந்திருக்காமல் போகலாம். கெர்னலோடு இணையும் துண்டுகளான கெர்னல் மாட்யூல்களோ தமக்குரிய கெர்னலை விட்டு வேறொன்றோடு ஓடவே ஓடா.

புதுப்பிக்க வேண்டுமானால் முழு ஃபர்ம்வேரையும் ஒரே கட்டாக மாற்றுங்கள். அமைப்புகள் தங்கும், பிறகு போட்ட பேக்கேஜ்கள் போய்விடும். அதனால் முதலில் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓப்பன்வர்ட்டின் 'ஃபர்ம்வேர் செலக்டர்' தளத்தில் உங்கள் ரூட்டர் மாடலை, பின்னால் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணோடு சேர்த்துத் தேடுங்கள். அங்கே பேக்கேஜ் பட்டியலைத் திருத்தும் பெட்டி உண்டு. வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை எடுத்துவிட்டுக் கேட்டால் உங்களுக்கென்றே ஒரு ஃபர்ம்வேர் தயாராகும். அதில் உங்கள் பேக்கேஜ்களும் சுருக்கிய பகுதிக்குள்ளேயே போய்விடுவதால் ஓவர்லே காலியாகக் கிடைக்கும். நீங்கள் கேட்ட இடம் இப்படித்தான் வரும்.

ஃபர்ம்வேரை ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது எழுதும்போது, கரண்டு போனால் ரூட்டர் செங்கல்தான். உங்கள் பகுதிக்குக் கரண்டு வந்த கையோடு செய்யுங்கள், போகப்போகிற நேரத்தில் தொடாதீர்கள். ரூட்டரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறவர் என்றால் கவலை குறைவு. 'ஜெனரேட் ஆர்க்கைவ்' அழுத்தி அமைப்புகளின் பிரதி ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். தண்ணீர்த் திருவிழா (பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் ரூட்டர் படுத்தால் எடுத்துக்கொண்டு வர ஒரு கடையும் திறந்திருக்காது.

கேள்வி (பி. எல்., தாம்வே, ரங்கூன்): சென்னையில் இருக்கும் என் மாமா மகன் ரூட்டரில் 'ஓபிகேஜி' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறதாம். என்னுடையதில் வேலை செய்கிறதே அங்கிள்?

பதில்: அவர் புதிய வெளியீட்டைப் போட்டிருக்கிறார் அம்மா. 2025 பிப்ரவரியில் வந்த 24.10 வரிசை வரை பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி ஓபிகேஜி. அதற்கு அடுத்த வரிசையில் ஆல்பைன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவியான ஏபிகே வந்துவிட்டது. 'இன்ஸ்டால்' என்பதற்கு 'ஆட்', 'ரிமூவ்' என்பதற்கு 'டெல்'. 'அப்டேட்' மட்டும் அதேதான். பழைய கட்டளைகளோடு எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அவர் அப்படியே ஒட்டினால் ஓடாது. இந்த மூன்றையும் சொல்லிக் கொடு.

கேள்வி (ஆர்., தட்டோன்): பழைய டிபி-லிங்க் 841 இருக்கிறது. விளம்பரத் தடுப்பான் போட முடியுமா?

பதில்: முடியாது. அந்த மாடலின் பெரும்பாலான பதிப்புகளில் 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம்தான். அந்த அளவுக்கு 2020-இல் வந்த 19.07 தான் கடைசி ஓப்பன்வர்ட். இடத்தைக் கூட்ட யூஎஸ்பி துளையும் அதில் கிடையாது. பழைய ஃபர்ம்வேருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் அதை இணைய வாசலில் நிறுத்தாதீர்கள். பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றால், வேறொரு ரூட்டருக்குப் பின்னால் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்டாக வைத்துக்கொள்ளலாம்.