எத்தனை ஏக்கர் விதைக்கலாம்?

அன்புள்ள அண்ணா,

எனக்கு 27 வயது. ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. பிறகு மின்னியல் வேலையில் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) நான்காம் நிலை முடித்தேன். மூன்று வருடமாகக் கிளிநொச்சியில், கூரைகளுக்குச் சோலார் பூட்டும் ஒரு கொம்பனியில் வேலை செய்கிறேன். போன மாதம் எல்லோருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். ‘அடுத்த ஐந்து வருடத்தில் உங்கள் தொழில் இலக்கு என்ன?’ என்று அதில் கேட்டிருந்தது. இரவிரவாக யோசித்தும் ‘நல்ல நிலைக்கு வரவேண்டும்’ என்றுதான் எழுத முடிந்தது. முகாமையாளர் வாசித்துச் சிரித்துவிட்டு, திரும்ப எழுதித் தரச் சொன்னார். அம்மா ‘மின்சார சபைக்கு ஆள் எடுப்பாங்கள், பொறுத்திரு’ என்கிறார். கூட்டாளிமார் கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். எனக்குத்தான் இலக்கு என்று ஒன்று இல்லையோ என்று பயமாக இருக்கிறது. இலக்கை எப்படித் தீர்மானிப்பது? படிவம் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு பிரச்சினை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஒரு படிவத்தை நிரப்ப முடியாமல் போனதற்காக இலக்கில்லாத ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம். வன்னியில் ஐந்து வருடத்தை முன்கூட்டி எழுதி அதன்படி வாழ்ந்தவர் யாரும் இருந்தால் எனக்கும் காட்டுங்கள். 2002 இல் யுத்த நிறுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தபோது கடை போட்டார்கள், கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். 2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அடித்துக்கொண்டு போனது. 2006 ஆகஸ்டில் பாதை மூடியது. 2009 இல் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அப்போது உங்களுக்குப் பத்துப் பதினொரு வயது இருந்திருக்கும். பிறகு முகாம், மீள்குடியேற்றம். கொஞ்சம் மூச்சு விட்டால் கொரோனா, அது முடிய 2022 இல் பெற்றோல் வரிசை. இதற்குள்ளே வளர்ந்த ஒருவரிடம் ஐந்து வருடத்தை எழுது என்றால் பேனை நிற்கத்தான் செய்யும். ஒரு வங்கியில் சேர்ந்த பிள்ளைக்கு அடுத்த பதவி என்ன, அதற்கு மேலே என்ன என்று முதல் நாளே தெரியும். அந்தக் கேள்வி அப்படியான இடங்களுக்காகச் செய்யப்பட்டது.

ஆனால் உங்கள் முகாமையாளர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. (சிரித்திருக்கத் தேவையில்லை.) ‘நல்ல நிலை’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. எந்த வேலையைத் தரலாம், யாரோடு அனுப்பலாம், எதைப் படிக்க விடலாம் என்று எதுவுமே அந்த வரியில் இல்லை.

கிளிநொச்சியில் வேலை செய்பவர் என்பதால் இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு, அதாவது மழையில்லாக் கால நெல் விதைப்புக்கு, முன் கூடும் கூட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920 இல் கட்டி முடித்த குளம், அதன் கீழே 20,000 ஏக்கருக்கு மேல் வயல். பெரும்போகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். ஆகவே விதைப்புக்கு முன்னர் கூடுகிறார்கள். குளம் எத்தனை அடி நிற்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வருடம் எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்கு முன் விதைத்து முடிப்பது என்று பேச்சு. கமக்காரருக்கு முழு வயலையும் விதைக்கத்தான் ஆசை. ஆசையைக் கேட்டுக் குளம் நிரம்பாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் கமக்காரர் மட்டும் இருந்தால் முடிவு செல்லாது. நீர்ப்பாசனத் திணைக்களமும் இருக்க வேண்டும், கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) இருக்க வேண்டும். துருசை (குளத்து மதகை) திறக்கிற ஆள் ஒப்புக்கொள்ளாத ஏக்கரை விதைத்து என்ன பிரயோசனம்?

உங்கள் படிவத்தையும் அந்த ஒழுங்கில்தான் நிரப்பச் சொல்வேன். முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். கையில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். என்விகியூ நான்காம் நிலை. மூன்று வருடக் கூரை வேலை. வேலைக்குப் போன இடங்களில் பழகிய சிங்களம் இருந்தால் அதுவும். மற்றப் பக்கத்தில் இல்லாததை எழுதுங்கள்: வரைபடம் கீற வராது, விலைக்கேள்விக்குக் கணக்குப் போட்டதில்லை, அறிக்கை எழுதியதில்லை, இப்படி. வீட்டுச் செலவு, மோட்டார்சைக்கிள் லீசிங் இருந்தால் அந்தத் தவணை, கிழமையில் உண்மையாகவே மிஞ்சுகிற நேரம், எல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். ‘தினமும் இரண்டு மணித்தியாலம் படிப்பேன்’ என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். வெய்யிலில் கூரையில் நின்றுவிட்டு வந்த உடம்பு இரவு எட்டு மணிக்கு என்ன சொல்லும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஏக்கர். ஐந்து வருடத்துக்குத் திசை மட்டும் போதும்: ‘பூட்டுகிறவனாக இருந்து, திட்டமிட்டு வடிவமைக்கிறவனாக வரவேண்டும்’. இதற்கு ஒரு வரி. மிச்சப் பக்கம் முழுவதும் இந்த ஒரு வருடத்துக்கு. அதிலும் பதவியின் பெயரை எழுதாமல் வேலையின் பெயரை எழுதுங்கள். ‘மேற்பார்வையாளர் ஆவேன்’ என்பது உங்கள் கையில் இல்லை. இருக்கிற மேற்பார்வையாளர் எழும்பினால்தான் அந்தக் கதிரை வரும். ‘வருட முடிவுக்குள் ஒரு வீட்டுக்கான 5 கிலோவாட் சோலார் தொகுதிக்கு நானே போய் இடம் பார்த்து, நிழல் விழும் நேரம் குறித்து, கேபிள் அளவும் பிரேக்கர் அளவும் கணக்கிட்டு, ஒற்றைக் கோட்டு வரைபடம் கீறி, பிழையில்லாமல் ஒப்படைப்பேன்’ என்பது உங்கள் கையில் இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று வருட முடிவில் யாரும் பார்த்துச் சொல்லலாம்.

உங்கள் துறையில் இன்னொரு நல்ல விதைப்பும் இருக்கிறது. கிராமத்து லைனின் கடைசி வீடுகளில் மத்தியான நேரம் வோல்ற்றேஜ் ஏறி, சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேட்டர் தானாக நின்றுவிடும். நம் நாட்டில் விதிப்படி 230 வோல்ற், அதிலிருந்து 6 வீதம் கூடலாம், குறையலாம். கடைசி வீடுகளில் நிறையச் சோலார் இருந்து பகலில் பாவனை குறைவாக இருந்தால், அந்த எல்லை சுலபமாகத் தாண்டும். வீட்டுக்காரர் ‘பழுதான சாமானைப் பூட்டிவிட்டீர்கள்’ என்று கொம்பனிக்குப் போன் எடுப்பார். பிழை இன்வேட்டரிலா, வீட்டு வயரிங்கிலா, வெளி லைனிலா என்று அளந்து, எழுத்தில் காட்டக்கூடிய ஒருவர் கொம்பனிக்கு மிகத் தேவையான ஆள். அதைப் பழகுவதற்கு ஒரு நல்ல மீற்றரும் பொறுமையும் போதும். கூரைச் சோலார் 2016 இல் அரசு தொடங்கிய திட்டத்தோடு பெருகிய தொழில். கூரையிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கு அலகுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்தால் புது ஓடர் குறையும். பூட்டிய தொகுதிகளைப் பார்க்கிற வேலை குறையாது.

துருசுக்கு வருவோம், அதுதான் நம் ஆட்கள் எல்லோரும் விடுகிற இடம். இலக்குப் படிவம் என்றால் நாம் கொடுக்கிற வாக்குறுதி என்று நினைத்துக்கொள்கிறோம், ஆகவே பயந்து பயந்து எழுதுகிறோம். அதில் கேட்கவும் வேண்டும், தம்பி. ‘இதைச் செய்வேன்’ என்று எழுதிய வரிக்குக் கீழே ‘இதற்கு எனக்கு இது தேவை’ என்று எழுதுங்கள். முதல் சில இடம்பார்ப்புகளுக்கு அனுபவமுள்ள ஒருவர் கூட வரவேண்டும். வடிவமைக்கிற மென்பொருளை ஒபிஸ் கணினியில் வேலை முடிந்த பிறகு பாவிக்க விடவேண்டும். வகுப்பிருக்கிற சனிக்கிழமைகளில் லீவு வேண்டும். முகாமையாளர் இதில் பாதிக்குத்தான் சம்மதித்தால் உங்கள் இலக்கையும் அந்த அளவுக்குக் குறையுங்கள், அதையும் அவர் முன்னாலேயே குறையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கேட்கும்போது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். எதற்குமே சம்மதிக்கவில்லை என்றால், அந்த இடத்தில் எவ்வளவு காலம் நிற்பது என்று யோசிக்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

படிப்பைப் பற்றி. என்விகியூ ஏழு நிலை கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கம்பஸ் கிடைக்காததோடு கதவு மூடிவிட்டது என்று நம் வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். நீங்கள் நிற்பது அந்த ஏணியின் நடுவில். அறிவியல்நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் உங்கள் வேலைத்தளத்திலிருந்து தூரமில்லை. ஐந்தாம் நிலைக்கு அடுத்த அனுமதி எப்போது, வேலை செய்துகொண்டே படிக்க முடியுமா என்று நேரே போய்க் கேளுங்கள், முகநூலில் கேட்க வேண்டாம். உங்களோடு வேலை செய்கிற வயதான அண்ணைமார் யாரும் சான்றிதழே இல்லாமல் இருந்தால், அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ தரும் முறை உண்டு என்று சொல்லிவிடுங்கள். கையில் தொழில் இருந்தும் தாள் இல்லாமல் நாட்கூலியில் நிற்பவர்கள் வன்னியில் நிறையப் பேர்.

தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. இடம்பெயர்ந்தபோது அரிசியை விட்டார்கள், ஆட்டை விட்டார்கள், பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடச் சேட்டிபிக்கேற்றும் வைத்த சொப்பிங் பையை மட்டும் விடவில்லை. உங்கள் அம்மாவும் அப்படித்தான் கொண்டுவந்திருப்பார். அந்தப் பழக்கத்தைத் தொழிலுக்குக் கொண்டுவாருங்கள். பூட்டிய ஒவ்வொரு தொகுதிக்கும் திகதி, ஊர், கிலோவாட், இன்வேட்டர் வகை, வந்த பிழை, தீர்த்த விதம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டுக்காரரின் பெயரும் இலக்கமும் அதில் வேண்டாம். நாளைக்கு நேர்முகத் தேர்வில் ‘மூன்று வருட அனுபவம்’ என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் கொப்பியை மேசையில் வைக்கலாம்.

அம்மாவின் ஆசையைப் பழங்காலத்து ஆசை என்று தள்ளாதீர்கள். யுத்தம் நடந்த காலத்திலும் வன்னிக்குள் இருந்த அரச ஊழியருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க ஒன்றுமில்லாமல் நின்றபோது ஆசிரியர் வீட்டிலும் லிகிதர் வீட்டிலும் மாதம் ஒரு தொகை வந்ததைப் பார்த்தவர்கள் உங்கள் அம்மா வயதுக்காரர். அந்தப் பயத்துக்கு நாம் வாதம் செய்து பதில் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள், தகுதிக்கு ஏற்றது வந்தால் விண்ணப்பியுங்கள், அம்மாவிடம் பிரதியைக் காட்டுங்கள். பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போங்கள். மேலே சொன்ன கொப்பியும் ஐந்தாம் நிலையும் அரச வேலைக்கும் வீண்போகாது. மன்னாரில் தம்பபவனிக் காற்றாலை 30 கோபுரங்களோடு நிற்கிறது, அதைக் கட்டியது மின்சார சபைதான். உயரத்தில் ஏறவும் மின்சாரப் பிழை கண்டுபிடிக்கவும் தெரிந்த ஆட்களுக்கு அப்படியான இடங்களில் வேலை இருக்கிறது.

கொரியா வேறு கணக்கு. அங்கே ஒரு தடவைக்கு ஆகக்கூடியது 4 வருடம் 10 மாதம். எந்தத் தொழிற்சாலையில் எந்த மெஷினுக்கு முன்னால் நிறுத்துவார்கள் என்பது நீங்கள் தீர்மானிப்பதில்லை. கடனை அடைக்க, வீடு கட்ட என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போனால் நல்ல முடிவு. தொழில் வளரும் என்று நினைத்துப் போனால் ஏமாறலாம். கூட்டாளிமார் போகிறார்கள் என்பது மட்டும்தான் காரணமென்றால் இந்த வருடம் போகாதீர்கள்.

ஆங்கிலப் படிவத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். முதலில் தமிழில் முழுதாக எழுதுங்கள். கிலோவாட், கேபிள், பிரேக்கர் எல்லாம் எந்த மொழியிலும் அதேதான். மிச்சத்தை ஆங்கிலமாக்க ஒபிஸில் ஒரு பிள்ளை இருப்பாள், ஒரு தேத்தண்ணியோடு முடியும். திரும்பக் கொடுக்கும்போது மேசையில் வைத்துவிட்டு வராமல், பத்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டு எதிரே இருந்து பேசுங்கள்.

அன்புடன்,
அண்ணா