வயலுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள்; எங்கே முறையிடுவது, எவ்வளவு செலவாகும்?

மேலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு இதே வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மனு எழுதும் முன், அந்தப் பாதை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எந்த வாசலைத் தட்டுவது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

'அ' பதிவேட்டையும் (எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்குங்கள். அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். பாதை தனி உட்பிரிவாக, புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் செலவு குறைவு. தாசில்தாரிடம் மனுக் கொடுத்தால், சர்வேயரைக் கொண்டு அளந்து, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். பொதுவழியை மறித்தவருக்கு உத்தரவிடக் கோட்டாட்சியருக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு 'இது பொதுவழியே இல்லை' என்று நம்பத்தகுந்த சான்றைக் காட்டிவிட்டால், சிவில் கோர்ட் தீர்க்கும்வரை அந்த நடவடிக்கை நின்றுவிடும். மனு கிடப்பில் கிடந்தால் பலர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓடுகிறார்கள். 'இத்தனை வாரத்துக்குள் மனுவை விசாரித்து முடிவெடுங்கள்' என்ற உத்தரவுதான் அங்கே பெரும்பாலும் கிடைக்கும்.

எங்கள் பாதை பட்டா நிலத்தின் மேல் போனது; அதனால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போனோம். வேலி போட்டவர் அப்பாவுக்குப் பங்காளி. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில், நான்கு மால்களுக்கு (எல்லைகளுக்கு) கீழே, 'மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட', அதாவது வழக்கமான வண்டிப்பாதை உரிமையும் சேர்த்து, என்று ஒரு வரி இருந்தது. மை மங்கிப்போய், பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தோம். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். அது இல்லையென்றால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தின் வழியே போவது போன்ற உரிமைகளுக்கான சட்டம்), 20 ஆண்டுகள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல், உரிமையோடு போய்வந்ததை நிரூபித்திருக்க வேண்டும். அந்த 20 ஆண்டும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். பேசிப் பார்க்கலாம், திருவிழா முடியட்டும் என்று மூன்று ஆண்டைக் கடத்தியவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

கோர்ட் கட்டணம் பெரிதில்லை. வக்கீலுக்கும், இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பிய கமிஷனருக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. கமிஷனரை முதல் மாதத்திலேயே கேட்டு மனுப் போடுங்கள். நாங்கள் இரண்டு ஆண்டு தாமதித்தோம். அதற்குள் வண்டித்தடத்தை உழுது, வாழை வைத்துவிட்டார்கள்.

எங்களை அரித்த செலவு வேறு. மேலூர் ஒருபோகப் பாசனம். பெரியாற்றுத் தண்ணீரில் ஆண்டுக்கு ஒரு நெல்தான். அறுப்பு இயந்திரம் உள்ளே வர வழியில்லாததால், ஐந்து அறுவடையும் ஆள் வைத்து அறுத்து, வரப்பு வழியே தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் நாங்கள் போகவில்லை.

கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் பத்தடி அகலத்துக்குச் சமரசமானோம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதால் அப்பா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

உங்கள் பாதையை எந்தத் தேதியில் அடைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வக்கீலிடம் போகும்போது அந்தத் தேதியையும், மூலப் பத்திரத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.