கோப்பில் ‘யூதைமிக்’ என்று எழுதியிருந்தால்

கேள்வி: இருமுனையப் பிறழ்வுக்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தம்பியின் கோப்பில் மருத்துவர் இம்முறை ‘யூதைமிக்’ என்று எழுதியிருக்கிறார். பழைய சீட்டொன்றில் ‘டிஸ்தைமியா’ என்று இருந்தது. இது புதிதாக வந்த நோயா?

பதில்: இல்லை, அது நல்ல செய்தி. உள்ளத்தின் எழுச்சியையும் மனப்போக்கையும் குறித்த ‘தூமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே ஆங்கிலத்தின் வழியாக ‘தைமியா’ என்ற ஈறாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஈறு மனநிலையைக் குறிக்கும். அது எப்படி இருக்கிறது என்பதை முன்னொட்டுதான் சொல்லும். ‘யூ’ என்றால் செம்மை. ஆகவே தம்பியின் மனநிலை எல்லை மீறி எழவும் இல்லை, சோர்ந்து தாழவும் இல்லை என்பதே அந்தக் குறிப்பின் பொருள்.

‘டிஸ்’ கோளாறைச் சுட்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டுகளாவது பெரும்பாலான நாட்களில் நீடிக்கும் மனச்சோர்வே டிஸ்தைமியா. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் இதனை ‘நீடித்த மனச்சோர்வுக் கோளாறு’ என்ற பெயருக்குள் அடக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ பழைய பெயரையே வைத்திருக்கிறது. எனவே இரண்டு பெயர்களையும் நீங்கள் காண நேரலாம்.

கவனமாக இருக்க வேண்டியது ‘யூஃபோரியா’ என்ற சொல்லிடம்தான். அதிலும் அதே ‘யூ’ இருக்கிறது. ‘ஃபோரியா’ சுமத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆனால் தம்பி போன்றவர்களின் கோப்பில் அது நிம்மதி தரும் சொல் அன்று. இரவில் 3 மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் எழுவது, இடைவிடாமல் பேசுவது, கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டு மேலும் கடன் கேட்பது ஆகியவற்றோடு சேர்ந்து வரும் அளவு கடந்த மகிழ்ச்சி, மேனியா எனப்படும் மிகை எழுச்சி நிலை தொடங்குவதன் அறிகுறியாக இருக்கக்கூடும்.

ஒலியை வைத்துத் தைராய்டோடும் இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயர் கேடயத்தைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆயினும் இருமுனையப் பிறழ்வுக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைய வாய்ப்புண்டு என்பதால், அதே கோப்பில் தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் இடம்பெறுவது வழக்கம்.

‘யூதைமிக்’ என்பது பெரும்பாலும் மருந்து வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டுகிறதே தவிர, மருந்து இனித் தேவையில்லை என்று சொல்லவில்லை. தம்பி நன்றாகத்தானே இருக்கிறார் என்று நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். அளவை மாற்றலாமா என்பதை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமே கேளுங்கள்.