வாசகர் கேள்வி–பதில்: கறுப்பானதெல்லாம் செத்த நியூரானா?

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஓர் ஆய்வு உதவியாளர்: நியூரான்களைக் கொல்லும் கைனிக் அமிலம் செலுத்திய எலிகளின் மூளையை, சிதையும் நியூரான்களில் வெள்ளியைப் படியவைத்துக் கறுப்பாகக் காட்டும் அமினோ-குப்ரிக்-சில்வர் முறையில் சாயமேற்றினேன். உப்புநீர் மட்டும் ஏற்றிய கன்ட்ரோல் (ஒப்பீட்டு) எலியின் கார்டெக்ஸிலும் (மூளையின் வெளியடுக்கு) கறுப்பு நியூரான்கள் தெரிகின்றன. மருந்து மாறிவிட்டதா, சாயம் கெட்டுவிட்டதா?

பதில்: இரண்டையும் சந்தேகிக்கும் முன் மூளையை மண்டையோட்டிலிருந்து எப்போது எடுத்தீர்கள் என்று பாருங்கள். பெர்ஃப்யூஷன் (ரத்தநாளம் வழியே ரத்தத்தைக் கழுவி, பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்துவது) முடிந்த கையோடு மூளையைப் பிடுங்கினால், முழுதாகப் பதப்படாத திசு விரலிலும் இடுக்கியிலும் அழுந்துகிறது. அழுந்திய நியூரான் சுருங்கிக் கருத்துவிடும். ஆய்வுக்கூடங்களில் இதைத்தான் 'டார்க் நியூரான்' என்பார்கள். செல் சிதையவே இல்லை, ஆனாலும் வெள்ளி அதிலும் படியும்.

4% பாராஃபார்மால்டிஹைடு செலுத்திய பிறகு தலையை மண்டையோட்டோடு அப்படியே ஒரு நாள் விட்டுவிட்டு, மறுநாள் மூளையை எடுங்கள். ரத்தத்தைக் கழுவும் கட்டத்தில் அழுத்தம் குறைந்தாலோ குழாயில் காற்றுக்குமிழ் புகுந்தாலோ இதே கோளாறு வரும். ஈரல் வெளுக்கவில்லையென்றால் அந்த மூளையை நம்பாதீர்கள்.

கண்ணால் பிரித்தறியவும் முடியும். டார்க் நியூரானின் டெண்ட்ரைட் (கிளை நீட்சி) திருகாணி போல் நெளிந்து, அறுபடாமல் போகும். அத்தகைய செல்கள் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பிலும், அழுந்திய பக்கத்திலும் கூட்டமாக இருக்கும். சுற்றிலும் சிதைந்த நரம்பு முனைகள் இருக்காது. உண்மையில் சிதையும் நியூரானைச் சுற்றி டெண்ட்ரைட் துண்டு துண்டாக உடைந்திருக்கும், ஆக்சான் (நீண்ட நரம்பிழை) மணிமணியாக வீங்கியிருக்கும், முனைகள் கரித்தூள் தூவியது போல் தெரியும். ஐயம் தீராவிட்டால் அடுத்த வெட்டை (மூளையின் மெல்லிய சீவல்), சிதையும் நியூரானை ஒளிரச்செய்யும் ஃப்ளூரோ-ஜேட் சி சாயத்தில் சோதியுங்கள். பொதுவாக டார்க் நியூரான் அதில் ஒளிராது.

இன்னொன்று: கன்ட்ரோலையும் மருந்து பெற்ற எலியையும் ஒரே நாளில், ஒரே கரைசலில் சாயமேற்றாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தெம்பனிஸிலிருந்து ஒரு மாணவி: வெள்ளிச் சாயமேற்றிய 40 மைக்ரான் உறைவெட்டுகள் (உறையவைத்துச் சீவியவை) முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு முறையும் இதே கதை.

பதில்: குளோரைடைத் தேடுங்கள். வெள்ளி அயனியைப் பார்த்தவுடன் அது வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) பஃபரில் கிடந்த வெட்டுகளைச் சரியாக அலசாமல் வெள்ளிக் கரைசலில் போட்டிருக்கலாம். அங்கே பாஸ்பேட்டும் தொல்லை கொடுக்கும். இந்த முறையில் பலர் காகோடைலேட் பஃபருக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதில் ஆர்சனிக் இருக்கிறது. அந்தக் கழிவைத் தனியே சேர்க்க வேண்டும். வெள்ளிக்கு முன் அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரக்கூடாது.

கண்ணாடிப் பாத்திரங்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு அயனி நீக்கிய நீரில் கழுவுங்கள். உலோக இடுக்கியைத் தொடவே வேண்டாம். அதன் மேலேயே வெள்ளி படிந்து, உதிர்ந்து, வெட்டில் ஒட்டும். கண்ணாடிக் கொக்கியோ மென்மையான தூரிகையோ போதும்.

சிங்கப்பூருக்கென்று ஒரு விஷயம்: வார இறுதியில் குளிர்சாதனத்தை அணைத்துவிடும் கட்டடங்களில் அறை வெப்பம் 30 டிகிரியை எட்டும். வெள்ளி ஒடுங்கும் (அயனி உலோகமாக மாறும்) வேகம் வெப்பத்தோடு கூடும். குறிப்பேட்டில் 'அறை வெப்பநிலை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள்; ஒடுக்கும் தொட்டியை வெப்ப நீர்த்தொட்டியில் வைத்து ஒரே அளவில் நிறுத்துங்கள். பின்னணி கருத்தால் வெளுக்கும் கட்டத்தை நீட்டத் தோன்றும். அதிகம் வெளுத்தால் முதலில் காணாமற்போவது மெல்லிய நரம்பு முனைகள்தாம்.

உட்லண்ட்ஸிலிருந்து: மருந்து கொடுத்து 14 நாள் கழித்து எடுத்த மூளையில் ஹிப்போகேம்பஸில் (நினைவோடு தொடர்புள்ள பகுதி) கறுப்பு செல்களே இல்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்து, இறந்த செல்களை மைக்ரோகிளியா (மூளையின் துப்புரவு செல்கள்) அகற்றியும் முடித்திருக்கலாம். கைனிக் அமிலத்தில் அடிபடும், ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதிச் செல் உடல்கள் முதல் சில நாள்களில்தான் நன்றாகக் கருக்கும். ஆக்சான் சிதைவு வாரக்கணக்கில் தங்கும். ஒரே நாளை நம்பாமல் 1, 3, 7 என்று பல இடைவெளிகளில் எலிகளை ஒதுக்குங்கள். 14-ஆம் நாள் வெட்டை, செல் உடல்களைக் காட்டும் நிசில் சாயத்தில் பாருங்கள். செல் குறைந்திருந்தால் விடை கிடைத்துவிடும்.

பிடோக்கிலிருந்து: பீல்ஷோவ்ஸ்கி முறைக்கு (இன்னொரு வெள்ளிச் சாயமுறை) அம்மோனியா-வெள்ளிக் கரைசல் கலந்தேன், பாதி மிச்சம். அடுத்த வாரத்துக்கு மூடி வைக்கலாமா?

பதில்: கூடாது. வைக்க வைக்க அதில் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உருவாகும். உலர்ந்த படிவு லேசான அசைவிலும் வெடிக்கலாம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் உப்புக் கரைசலை மிகுதியாக ஊற்றி வெள்ளியைக் குளோரைடாகப் படியவிடுங்கள். பிறகு அதைக் கனஉலோகக் கழிவுப் புட்டியில் சேர்த்து, தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம்.

கூடவே ஒன்று: பீல்ஷோவ்ஸ்கி முறை அல்ஸைமர் பிளேக்குகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் காட்டும், நல்ல ஆக்சான்களையும் சேர்த்தே கறுப்பாக்கும். சிதையும் நியூரான்களை மட்டும் பிரித்துக் காட்ட அது உதவாது.

ஈசூனிலிருந்து: ஃப்ளூரோ-ஜேட் சி இவ்வளவு எளிதாக இருக்கும்போது வெள்ளியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

பதில்: செல் உடல்களை மட்டும் எண்ணுவதானால் வேண்டாம். 0.06% பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் 10 நிமிடம், அலசல், 0.1% அசிட்டிக் அமிலத்தில் கலந்த 0.0001% சாயத்தில் 10 நிமிடம், மறுபடி அலசி உலர்த்தி, சைலீனில் தெளியவைத்து, டிபிஎக்ஸ் என்ற மூடுபொருளில் மூடினால் வேலை முடிந்தது. நீர்சார்ந்த மூடுபொருள் மட்டும் வேண்டாம். ஆனால் எந்த நரம்புப் பாதை அறுந்து எங்கே போய் முடிகிறது என்று மெல்லிய முனைகள்வரை தொடர வேண்டுமானால் இன்றும் வெள்ளிதான் கைகொடுக்கும். அதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம், ஸ்லைடும் ஆண்டுக்கணக்கில் மங்காது.