கல்யாண வரவேற்புக்கு நாமே சமைக்கிறோம், முந்தின நாளே செய்து வைக்கலாமா?

வைக்கலாம். காசு குறைவாக இருக்கும்போது சமையலாளுக்குக் கொடுப்பதை மிச்சம் பிடிக்க நல்ல வழிதான். ஆனால் 'ஆபத்துச் சூடு' என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த இடைவெளியில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வசதியான சூடு கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், அதாவது 3 மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும்.

வீட்டுச் சமையலில் இது பெரிதாகத் தெரியாது, பாத்திரம் சின்னது, சீக்கிரம் ஆறிவிடும். நூறு பேருக்குச் சமைத்த அண்டா அப்படியில்லை. மேலே கை வைத்தால் ஆறியதுபோல இருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும். டம்ளரில் இருக்கும் டீயைத் தட்டில் ஊற்றினால் எப்படிச் சட்டென்று ஆறுகிறதோ, அதே கணக்குதான் இங்கேயும். அகலமான தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். இடம் போதாதா? அக்கம்பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டிகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் (இதற்கெல்லாம் கூச்சப்பட்டால் ஆகாது). அப்புறம் மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, பரிமாறி முடியும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பலரும் நினைக்கிறார்கள். கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் உணவில் விட்டுவைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது.